சமபந்தியும் மன்னிப்பும்

கிறிஸ்தவ வழிபாட்டிலே மன்னிப்பைப் போல அடிக்கடி ஒலிக்கும் சொற்கள் மிகச் சிலவே. தனக்குப் பிழை செய்தாரைத் தான் மன்னிப்பதாகச் சொல்லிக்கொண்டே விசுவாசி தன் பிழைக்கு இறைவனிடம் மன்னிப்பு வேண்டுகிறான். ஆயினும் அச்சொல்லைத் தனிமனித ஒழுக்கமாக மாத்திரமே நாம் பேசிப் பழகிவிட்டோம். அயலவனோடு வேலிச் சண்டை, உடன்பிறந்தாரிடையே காணிப் பிணக்கு என்பவற்றைத் தீர்க்கும் மருந்தாகவே பிரசங்கங்களில் மன்னிப்பு எடுத்துரைக்கப்படுகிறது. குற்றம் இழைத்தது ஒரு திருச்சபையே ஆயின் என் செய்வது? யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? கேட்டதுடன் கணக்குத் தீர்ந்துவிடுமா? தென்னாபிரிக்காவின் ஒல்லாந்த சீர்திருத்த சபையின் வரலாறு இவ்வினாக்களை நம்முன் வெளிப்படையாக வைக்கிறது.

அச்சபை எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1652இல் நன்னம்பிக்கை முனையிலே குடியேற்றம் நிறுவிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளே 1706இல் எழுந்து, நம் காலத்துப் போரிலே அழிந்த தேவாலயமும், இன்றும் கொழும்பிலே நிற்கும் வொல்வெண்டால் தேவாலயமும் அதே மரபைச் சேர்ந்தவை. கம்பெனியின் கப்பல்களிலே முனைக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோருள் வங்காளத்தார், மலையாளக் கரையார், சோழமண்டலக் கரையார், இலங்கையர் ஆகியோரும் இருந்தனர். அவர்களுட் சிலர் ஆண்டையின் சமயத்தையே தழுவினர். தழுவியவர்களை ஆண்டை தன் பந்தியில் இருத்துவானா என்பதே கேள்வி.

1829இல் அச்சபையின் பேரவை இதற்கு நேரான விடை தந்தது. திருவிருந்து நிறமோ பிறப்போ பாராமல் எல்லா அங்கத்தவருக்கும் ஒருசேர வழங்கப்படல் வேண்டும் என்று தீர்மானித்தது. ஆனால் 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நேற்றுவரை விலைக்கு வாங்கப்பட்டவன் இன்று கூலி கேட்கும் மனிதனாகி எதிரே நின்றான். சட்டம் நீக்கிய வேற்றுமையை வேறு வழியாற் காப்பாற்ற நினைத்த வெள்ளைக் கமக்காரனுக்குக் கோயிற் கிண்ணம் பெரும் இடைஞ்சலாயிற்று. தன் வேலையாள் வாய்வைத்த கிண்ணத்திலே தானும் வாய்வைப்பதா என்று அவன் முறுமுறுத்தான். அம்முறுமுறுப்பு 1857இல் பேரவைக்கு வந்தது.

அவ்வாண்டுத் தீர்மானம் கூர்ந்து கற்கவேண்டிய ஒன்று. புறச்சமயத்திலிருந்து வந்தோரையும் உள்ள சபைகளிலே சேர்த்துக்கொள்வதே விரும்பத்தக்கது, வேதத்துக்கு இசைந்தது என்று அது தொடங்கிற்று. பின்னர், சிலரது பலவீனத்தின் காரணமாக இது சமயப்பணிக்குத் தடையாகும் இடங்களில் அவர்கள் தனிக் கட்டடத்திலே வழிபடலாம் என்று முடித்தது. வேதம் ஒன்று சொல்கிறது என்று அறிந்தே, அதனை ஏட்டிலும் எழுதிவைத்துவிட்டு, அதற்கு மாறாக நடக்க அனுமதி வழங்கினர். யாக்கோபின் நிருபம் இருமனம் என்று குறிப்பிடும் நிலைக்கு இதனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பலவீனம் என்னும் சொல்லையும் விட்டுவிடுதல் கூடாது. பவுல் அப்போஸ்தலன் தம் நிருபங்களிலே, விசுவாசத்திற் பலமுள்ளோர் பலவீனரைத் தாங்கி நடக்கவேண்டும் என்று அறிவுறுத்தினார். 1857இல் நிகழ்ந்ததோ நேர்மாறு. நிலமும் துப்பாக்கியும் அதிகாரமும் கைக்கொண்டிருந்தவர்கள் தம்மைப் பலவீனர் என்று அழைத்துக்கொண்டனர். எதுவுமற்றவர்கள் அப்பலவீனத்தைப் பொறுத்துக்கொண்டு வெளியே போகவேண்டியதாயிற்று.

இத்தகைய பலவீனம் தமிழ்க் கிறிஸ்தவருக்குத் தெரியாததன்று. தஞ்சாவூர் முதலிய இடங்களின் சபைகளிலே சாதிவாரியாக இருக்கை பிரிக்கப்பட்டிருந்ததையும், திருவிருந்திற் சாதி முறை பார்க்கப்பட்டதையும் கண்ட கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதியை முற்றாகக் கைவிடுமாறு 1833இல் சுற்றுநிருபம் விடுத்தார். உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு நீங்கினரேயன்றிச் சாதியை விட்டு நீங்கவில்லை. யாழ்ப்பாணத்திலே 1929, 1930ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகளிலே சம ஆசனம் வேண்டும் என்ற நியதி வந்தபோது கிளம்பிய எதிர்ப்பும், தீக்கிரையான பாடசாலைகளும் அதே நோயின் குறிகளே. தென்னாபிரிக்க வெள்ளையனைக் கண்டு வியப்பதற்கு எமக்கு அவ்வளவு உரிமை இல்லை.

முனைக்குத் திரும்புவோம். சலுகையாகத் தொடங்கியது விரைவிலே விதியாயிற்று. 1881இல் கலப்பினத்தவருக்கென மிஷன் சபை தனியே அமைக்கப்பட்டது. ஆபிரிக்கருக்கும் இந்தியருக்கும் பின்னர் வெவ்வேறு சபைகள் எழுந்தன. அரசு இந்தப் பிரிவினையைக் கோயிலிலிருந்து நாட்டுக்கு விரித்தது. 1913ஆம் ஆண்டு நிலச்சட்டம் பெரும்பான்மையினரான ஆபிரிக்கருக்கு நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதத்தையே ஒதுக்கியது. 1936இல் அது 13 சதவீதமளவுக்கு உயர்த்தப்பட்டது. 1948இல் நிறவொதுக்கலைக் கொள்கையாக்கி ஆட்சி ஏறிய தேசியக் கட்சியின் தலைவர் மலான் அச்சபையின் முன்னாட் போதகர் என்பது தற்செயலன்று. திருவிருந்துப் பந்தியிலே பழகிய பிரிவினை கலப்புமணத் தடைச்சட்டமாகவும், குடியிருப்புப் பிரிவுச் சட்டமாகவும் மறுபிறப்பெடுத்தது.

1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லிலே பொலிஸார் சுட்டு 69 பேர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரிலே கொட்டெஸ்லோவிற் கூடிய சபைகளின் மாநாடு நிறவொதுக்கலின் சில கூறுகளைக் கண்டித்தது. ஒல்லாந்த சபையின் பிரதிநிதிகளும் அதற்கு இசைந்தனர். பிரதமர் வெர்வூர்ட் சீறினார். சபைப் பேரவைகள் தம் பிரதிநிதிகளையே கைவிட்டன. பின்வாங்க மறுத்த சிலருள் ஒருவர் பெயர்ஸ் நௌடே. அவர் வெள்ளை ஆபிரிக்கானரின் இரகசிய அமைப்பான புரூடர்பொண்டிலே 1940 முதல் உறுப்பினர். அவருடைய தந்தையோ அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர். பிரசங்க பீடத்திலே நின்று அன்பைப் போதித்துவிட்டு இரகசியக் கூட்டத்திலே பிரிவினையைப் பேணும் வாழ்க்கையை அவர் 1963இல் முடித்துக்கொண்டார். கிறிஸ்தவ நிறுவகம் என்ற அமைப்பைத் தொடங்கி, போதகப் பதவியை இழந்தார். 1977இல் அந்நிறுவகமும் அவரும் ஒருங்கே தடைசெய்யப்பட்டனர். 1984 வரை அவரது நடமாட்டமும் சந்திப்புகளும் ஒடுக்கப்பட்டிருந்தன. அந்நிலையிலேயே, 1980இல், அவர் வெள்ளையர் சபையை நீங்கி ஆபிரிக்கர் சபையிற் சேர்ந்தார். மனம் திரும்பியதாகச் சொன்னோர் வேறு பலர் இருந்தனர். பந்தியில் உட்காரும் இடத்தையே மாற்றிக்கொண்டவர் அவர்.

1982இல் கனடாவின் ஒட்டாவாவிற் சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டணி கூடியபோது தென்னாபிரிக்கப் பிரதிநிதிகள் சிலர் திருவிருந்திற் பங்குகொள்ள மறுத்தனர். சொந்த நாட்டிலே தம்மைப் பந்தியிலிருந்து விலக்குவோருடன் அந்நிய நாட்டிலே மாத்திரம் ஒன்றாக உண்பது பொய் என்பது அவர்கள் வாதம். 125 ஆண்டுகளுக்கு முன்னர் விலக்கப்பட்ட பந்தியை இம்முறை விலக்கப்பட்டோரே விலக்கினர். கூட்டணி நிறவொதுக்கலைப் பாவம் என்றும், அதற்கு வேதாதாரம் கற்பிப்பதைத் திரிபுக் கொள்கை என்றும் அறிவித்து, வெள்ளையர் சபையின் உரிமைகளை இடைநிறுத்தியது. அதே ஆண்டிலே கேப்டவுன் நகரை அடுத்த பெல்ஹாரிற் கூடிய மிஷன் சபை, ஒற்றுமை, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றையும் பிணைத்து ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986இல் அதனை ஏற்றுக்கொண்டது. 1985இல் வெளிவந்த கைரோஸ் ஆவணம் இன்னும் கடுமையானது. நீதியின்றி ஒப்புரவு பேசும் திருச்சபைகளை அது நேருக்கு நேர் சாடியது. ஒடுக்குவோனும் ஒடுக்கப்படுவோனும் சமமாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற உபதேசம் ஒடுக்குவோனுக்கே துணைபோகும் என்று அதனை எழுதியோர் கண்டனர். நாமும் அவ்வாறே கருதுகிறோம்.

1986இல் வெள்ளையர் சபை, நிறவொதுக்கலுக்கு வேதத்திலே ஆதாரமில்லை என்று ஒப்புக்கொண்டு கதவைத் திறந்தது. அது பொறாத ஒரு பகுதியினர் 1987இற் பிரிந்து வெள்ளையருக்கென்றே புதுச் சபை அமைத்தனர். 1990 நவம்பரிலே ருஸ்டென்பேர்க்கிற் கூடிய தேசிய மாநாட்டிலே ஸ்டெலன்பொஷ் இறையியற் பேராசிரியர் வில்லி யொங்கர் எழுந்து, தம் பாவத்தை மட்டுமன்றித் தம் சபையின், தம் இனத்தின் பாவத்தையும் அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மன்ட் டூட்டூ எழுந்து அம்மன்னிப்புக் கோரிக்கையை ஏற்றார். சபைத் தூதுக்குழுவும் யொங்கரின் சொற்களைத் தனதாக்கிக்கொண்டது. முன்னாள் ஜனாதிபதி போத்தாவோ தொலைபேசியிலே தம் கண்டனத்தைச் சபைத் தலைமைக்குத் தெரிவித்தார்.

ஆனால் அம்மண்டபத்திலேயே வேறொரு குரலும் எழுந்தது. எங்கள் சார்பில் மன்னிக்க ஒருவருக்கு என்ன அதிகாரம், வீடும் நிலமும் இழந்தோர் இன்னும் இழந்தபடியே இருக்க அறிக்கை எதனை மாற்றிற்று என்று கறுப்பினப் பிரதிநிதிகள் சிலர் கேட்டனர். டூட்டூவின் பெருந்தன்மையை நாம் ஐயுறவில்லை. எனினும் ஆட்சேபித்தோரின் பக்கமே நியாயம் கனக்கிறது. அந்நாட்டிலே பலராலும் சொல்லப்பட்ட கதை ஒன்றுண்டு. ஒருவன் மற்றவனுடைய சைக்கிளைத் திருடினான். நெடுநாட் கழித்து வந்து கைநீட்டி, மனம் பொருந்துவோம் என்றான். சைக்கிளைப் பற்றிக் கேட்டபோது, நான் பேசுவது ஒப்புரவைப் பற்றி, சைக்கிளைப் பற்றியன்று என்றானாம். சுவிசேஷத்திலே வரும் வரிவசூலிப்போன் சகேயு அவ்வாறு சொல்லவில்லை. அநியாயமாகப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தருவதாக அவன் கூறிய பின்னரே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவித்தார்.

1996 ஏப்ரிலில் உண்மைக்கும் ஒப்புரவுக்குமான ஆணைக்குழு, டூட்டூவின் தலைமையிலே, ஈஸ்ட் லண்டன் நகரிற் தன் முதல் விசாரணையைத் தொடங்கியது. 1985இற் கொலையுண்ட போர்ட் கலாட்டாவின் மனைவி நொமொண்டே கலாட்டா சாட்சியத்தின் இடையிலே எழுப்பிய ஓலத்தைக் கேட்டு மண்டபமே உறைந்தது. ஏறத்தாழ 21,000 பேர் தம் துயரத்தை ஆணைக்குழுவுக்கு அறிவித்தனர். மறுபக்கம், பொதுமன்னிப்புக் கோரிய விண்ணப்பங்கள் 7,112, வழங்கப்பட்டவை 849. உண்மையை முழுமையாகச் சொல்வதும், செயல் அரசியல் நோக்கமுடையதாயிருப்பதுமே அதற்கு வேண்டிய நிபந்தனைகள். மனம் வருந்தவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. சட்டத்தின் மன்னிப்பும் நெஞ்சின் மன்னிப்பும் ஒன்றல்ல என்பதை ஸ்டீவ் பீக்கோவின் குடும்பத்தார் நன்கறிந்திருந்தனர். பொதுமன்னிப்பை எதிர்த்து அவர்கள் வேறு சில குடும்பங்களுடன் அரசியலமைப்பு நீதிமன்றம் சென்றனர். 1996இல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. அவர்களை மன்னிக்கத் தெரியாதோர் என்று பழிப்பது எளிது. நீதி கேட்பவனைப் பகையாளி என்பது அதிகாரத்தின் பழைய பழக்கம். பாதிக்கப்பட்டோருக்கு 2003இல் அரசு அறிவித்த தொகை ஒரே தடவையாக 30,000 ராண்ட். ஆணைக்குழு பரிந்துரைத்ததிலும் அது மிகக் குறைவு. செல்வத்தின் மீது வரி விதிக்கலாம் என்ற யோசனையோ நடைமுறைக்கு வரவேயில்லை.

1994இல் மிஷன் சபையும் ஆபிரிக்கர் சபையும் ஒன்றாகி, ஒன்றிணையும் சீர்திருத்த சபை எனப் பெயர் பூண்டன. வெள்ளையர் சபையையும் தம்முடன் வருமாறு அவை அழைத்தன. பெல்ஹார் அறிக்கையைத் தன் விசுவாசத்தின் பகுதியாக ஏற்றல் வேண்டும் என்பதே அதற்கு இடையில் நின்ற கேள்வி. 2011இல் வெள்ளையர் சபையின் பொதுப்பேரவை அதற்கு வழிதிறக்க முயன்றது. பிராந்தியப் பேரவைகளிலே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. 2015 அளவில் அது கிட்டாமற் போயிற்று. ஒரே நம்பிக்கையை அறிக்கையிடும் இரு சபைகள் இன்னும் தனித்தனிக் கட்டடங்களிலேயே திருவிருந்து உண்கின்றன.