தட்டச்சு ஒலியை ஒட்டுக்கேட்டவர்கள்

பகலில் பக்கம் பார்த்துப் பேசச் சொன்னார்கள் பெரியவர்கள். பக்கம் பார்த்து டைப் அடிக்கவும் சொல்லியிருக்கலாம்!

செங்கல்பட்டு மாதிரி ஊர்களில் இன்ஸ்டிடியூட் போய் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்குத் தெரியும், எல்லா எழுத்தும் ஒரே சத்தம் போடாது. உளவாளிகளுக்கு அது போதும்.

இந்த வரலாறு கீபோர்டுக்கு முன்பே தொடங்குகிறது. சோவியத் நாட்டில் இருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகங்களில் 16 ஐபிஎம் டைப்ரைட்டர்களுக்குள் ரகசியக் கருவிகள் ஒளிந்திருந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே நகரும் பாகங்களைக் காந்தப்புல மாற்றத்தால் உணர்ந்து, ரேடியோ அலையில் வெளியே அனுப்பின. 1976-ல் தொடங்கிய இந்த வேலை, 1984-ல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் அம்பலமானது.

2004-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் அசோனோவும் ராகேஷ் அகர்வாலும் வெறும் சத்தத்தைப் பிடித்தார்கள். கீபோர்டின் அடித்தகடு மத்தளம் மாதிரி, தட்டும் இடத்துக்கேற்ப நாதம் மாறும். 2005-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 10 நிமிட ஒலிப்பதிவிலிருந்து 96% வரை எழுத்துகளை மீட்டார்கள். 2023-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பக்கத்தில் வைத்த செல்போன் மூலம் 95%, ஜூம் வழியாக 93% கண்டுபிடித்தார்கள்.

இவை ஆய்வுக்கூடக் கணக்கு. நிஜத் திருடர்கள் இவ்வளவு சிரமப்படுவதில்லை, கீலாகர் மென்பொருளே போதும். 2004-ல் சுமிட்டோமோ மிட்சுயி வங்கியின் லண்டன் கிளையில் காவல் பொறுப்பில் இருந்தவரின் துணையோடு நுழைந்த கும்பல், கீலாகரால் பாஸ்வேர்டுகளைப் பிடித்தது. குறி சுமார் 22 கோடி பவுண்டு. பரிமாற்றத்துக்கான விவரங்களைத் தப்பாக நிரப்பியதால் பணம் தப்பியது!

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019 அக்டோபர் 29-ல் கூடங்குளம் அணுமின் நிலையம், தாக்குதல் எதுவும் இல்லை என்று மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தன் கணினியில் மால்வேர் இருந்ததை ஒப்புக்கொண்டது. நிபுணர்கள் அடையாளம் கண்ட அந்த 'டிட்ராக்', தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யக்கூடியது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான இணையக் கணினி, உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியே இருந்ததால் பாதிப்பில்லை என்றது கழகம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் மின்நிலையத்தை நடத்துவதும் அதே கழகம்தான். உலைக்கு எத்தனை அடுக்குச் சுவர் இருந்தாலும், ஆபீஸ் மேசையில் ஒருவர் தட்டும் பாஸ்வேர்டுக்குச் சுவர் கிடையாது. கேட்கிற காதை எல்லாம் அடைக்க முடியாது. கேட்டது மட்டும் போதாது என்று ஆக்கலாம். அந்த ஓடிபி-க்காக அலுத்துக்கொள்ளாதீர்கள்!