மூன்றடிச் சந்தும் பின்கட்டுத் தோட்டமும்: மாதனூர் மனைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கலின் இடம்

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியது மாதனூர். கன்டெய்னர் லாரி ஊரோரமாகவே ஓடுகிறது. ஆனால் நெருக்கமான தெருவில் வீட்டின் பின்பக்கம் போக மூன்றடிச் சந்து இருந்தாலே பெரிது. ஜேசிபிக்கு ஏழடிக்கு மேல் வேண்டும். டாடா ஏஸுக்கே ஐந்தடி. தோட்டத்துக்கு மண் கொண்டுவரும் டிப்பர் தெருமுனையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி தூரம் சித்தாளின் தலைச்சுமை.

2. மண் மாற்றும் வழக்கம்

பச்சைத்தோல் கெடாதிருக்கப் போடும் உப்பு, தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுநீரோடு பாலாற்றுப் படுகையின் நிலத்திலும் கிணற்றிலும் இறங்கியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்பளித்தது. மனைக்குள் தங்கிய உப்பு தீர்ப்பால் கரையாது. அதனால் மேஸ்திரி, "மண்ணையே மாத்திடலாம் சார்" என்பார்.

அதன் கணக்கைப் பார்ப்போம். 400 சதுர அடித் தோட்டம், ஒன்றரை அடி ஆழம் என்றால் 600 கன அடி, அதாவது 6 யூனிட். ஒரு சட்டி அரைக் கன அடி, ஏறக்குறைய 20 கிலோ. உள்ளே 1,200 சட்டி செம்மண். வெளியே அதற்கும் மேல், ஏனெனில் வெட்டிய மண் இளகிக் கூடும். கூலி மண்ணின் விலையைத் தாண்டிவிடும். இத்தனைக்குப் பிறகும் அதே உப்புக் கிணற்றுநீரைப் பாய்ச்சினால் புதுமண்ணும் உவராகும். காசைக் கொட்டி உப்பு வாங்கும் வேலை இது!

3. சுமையைக் குறைத்தல்

சந்தினை அகலமாக்க வழியில்லை, சுமையைக் குறைக்கலாம். முதலில் மண், நீர் பரிசோதனை. நிறைவுச் சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் அது உவர்மண். அப்போது முழுப் பாத்தியை விட்டுவிட்டு, மும்மூன்று அடியில் ஐந்து குழி போதும்: 135 கன அடி, 270 சட்டி. புங்கன், வேம்பு, அரளி உப்பை ஓரளவு தாங்கும். மழைநீரைக் குழிக்குத் திருப்பினால் உப்பு கீழே இறங்கும்.

4. வேலை வரிசை

புதுவீடு என்றால் காம்பவுண்டில் பத்தடியைக் கடைசிவரை திறந்து வைக்கலாம், பக்கத்து மனைக்காரர் சம்மதித்தால். அஸ்திவாரத்தின் மேல்மண் நன்றாயிருந்தால் பின்கட்டிலேயே குவித்துக்கொள்ளலாம். லோடு வரும் மாதமும் முக்கியம். 2021 நவம்பர் வெள்ளத்தில் மாதனூர்–உள்ளி தரைப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அதனால் குடியாத்தம் பக்கத்து வண்டி சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. மண்வேலையை ஐப்பசிக்கு முன் முடித்துவிட்டால், குழிகளை நிரப்பும் தண்ணீர் வடகிழக்குப் பருவமழையினுடையதாக இருக்கும்.