பிளசர் வண்டிகளின் இரண்டாம் வாழ்வு

எங்கள் தாத்தாமார் காரை ‘பிளசர்’ என்றுதான் சொல்வார்கள். ‘பிளஷர் கார்’ என்ற பழைய பெயரின் முன்பாதி அது. சரக்கு ஏற்றும் லாரியிலும் சேராமல், ஆள் ஏற்றும் பஸ்ஸிலும் சேராமல், சுகத்துக்காக வைத்திருக்கும் வண்டி என்று அர்த்தம். ஆனால் நம் நாஞ்சில் நாட்டில் பிளசரைச் சுகத்துக்கு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பிழைப்புக்காக வைத்திருந்தவர்களே அதிகம். யாரோ பணக்காரர் அனுபவித்து முடித்த செவர்லேயையும் பிளிமத்தையும் குறைந்த விலைக்கு வாங்கி, இன்னும் இருபது வருஷம் ஓட்டினார்கள். அது எப்படி அவர்களால் முடிந்தது என்று எழுதி வைக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. பதினைந்து வருஷம் ஓடிய பென்ஸ் காரை ஒரு புதிய சின்னக் காரின் விலைக்கு வாங்கலாம் என்று எங்கள் குடும்பத்துப் பையன்களே இப்போது ஆசைப்படுகிறார்கள். வந்து யோசனையும் கேட்கிறார்கள்.

முதலில் இந்தப் பெரிய கார்கள் இங்கே வந்த கதை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் ஆலை வைத்து, பாகங்களாக வந்த செவர்லே கார்களைப் பூட்டி விற்றது. போர்டு கம்பெனியும் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் அதே வேலையைச் செய்தது. சுதந்திரம் கிடைத்த சமயத்தில் வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்தது 1953. பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மட்டுமே இனி இடம் என்று மத்திய அரசு முடிவு செய்தது. அடுத்த வருஷத்துக்குள் ஜெனரல் மோட்டார்சும் போர்டும் கடையைக் கட்டிவிட்டன. நமக்கு மிஞ்சியவை அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. புது பியட் வேண்டுமென்றால் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள், ஒருவர் ஓட்டிய பியட்டையே கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். அதைவிட நீளமான, மூன்றரை லிட்டர் ஆறு சிலிண்டர் இஞ்சின் உள்ள செவர்லேயைக் கேட்க ஆள் இல்லை. பெட்ரோல் குடிக்கும், உதிரிப் பாகம் கிடைக்காது என்ற பயம். ராஜா வீட்டு வண்டி ஏழைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது இப்படித்தான்.

நம் ஊரில் அதற்கு வேலையும் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் ஓட வேண்டும். நாகர்கோவிலிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர். ரயில் கிடையாது; அது 1979-இல்தான் இந்த மாவட்டத்துக்குள் வந்தது. 1938-இல் தொடங்கிய திருவிதாங்கூர் அரசு பஸ் கன்னியாகுமரி வரை ஓடினாலும், நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தவளுக்கு பஸ் எங்கே இருக்கிறது? வாடகை பிளசர்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போகவும் அதுவே வேண்டும். 1970 செப்டம்பரில் விவேகானந்தர் பாறை மண்டபம் திறந்த பிறகு வெளியூர்க்காரர்களும் வரத் தொடங்கினார்கள். ஒன்பது பேரை அடக்கும் வண்டிக்குக் கிராக்கி ஏறியது.

என் பெரிய மாமா 1968-இல் ஒரு 1947 மாடல் செவர்லே வாங்கினார். மலைத்தோட்டம் வைத்திருந்த ஒருவர் கொட்டகையில் போட்டிருந்த வண்டி. அதற்காகத் தன் பங்கில் ஒரு கோட்டை விதைப்பாட்டில் பாதியை விற்றார். வயலை விற்று இரும்பு வாங்குகிறானே என்று ஊரே ஏசியது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வண்டிக் கணக்கு எழுதும் வேலை எனக்கு வந்தது. நீளமான நோட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. அந்த நோட்டு சொன்ன முதல் பாடம் இது: நாலாவது வருஷம் முடியும்போது பழுது பார்த்த செலவு, வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. மாமா அசரவில்லை. “மருமவனே, பிளசரு வாங்குகதுக்கு ரூவா வேண்டாம்டே, வச்சிருக்கதுக்குத்தான் ரூவா வேணும்” என்றார். வரவுப் பக்கமும் நிறைந்துகொண்டு வந்ததால்தான் அவரால் அப்படிச் சிரிக்க முடிந்தது.

இரண்டாவது பாடம்தான் முக்கியமானது. வலது பக்கத்தில் நான் எழுதிய வரிகளில் ‘கம்பெனி சாமான்’ என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் இங்கேயே செய்தவை, அல்லது வேறொரு வண்டியிலிருந்து பொருத்தியவை. ஸ்பிரிங் பட்டை முறிந்தால் கொல்லாசாரி உலையில் காய்ச்சி, அடித்து, வளைத்துத் தருவார். கிங்பின் புஷ் தேய்ந்தால் லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைவார்கள். அந்தக் காலத்துச் செவர்லேயில் கனெக்டிங் ராடு பேரிங் கழற்றி மாட்டும் ஓடு கிடையாது. ராடிலேயே ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றியிருப்பார்கள். தேய்ந்ததும் மறுபடி ஊற்றி, கடைந்து, நீலச் சாயம் தடவி, ஒட்டுகிற இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்ய வேண்டும். எங்கள் மேஸ்திரி அதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்வார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது.

டயர் கிடைக்குமா என்ற கவலையும் தீர்ந்தது. அதே பதினாறு இஞ்ச் டயரைத்தான் மகிந்திரா ஜீப்பும் போட்டது. ஆறு வோல்ட் பாட்டரியும் பல்பும் கடைகளிலிருந்து மறைந்தபோது டைனமோ, ஸ்டார்ட்டர், பல்பு எல்லாவற்றையும் அம்பாசிடர் வகைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினார்கள். சீட்டுக்குள் தேங்காய் நார். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? தரைத் தகடு ஓட்டை விழுந்த இடத்தில் அயனிப் பலகை. அமெரிக்காவிலிருந்து வந்தது பாதி, கோட்டாறு சந்தையிலிருந்து வந்தது பாதி என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றியபோது இந்தச் சிரிப்பு நின்றது. மூன்றே மாதத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறக்குறைய நாலு மடங்கானது. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினால் பெரிய காரியம் என்றிருந்த வண்டி அது. வாடகையை ஏற்றினால் சவாரி இல்லை. ஏற்றாவிட்டால் கஞ்சி இல்லை. நாடு முழுக்கப் பெரிய கார்கள் ஆக்கர் கடைக்குப் போனது அந்தச் சமயத்தில்தான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்கு. செவர்லே இறந்தால் எடைக்கு எடை இரும்பு விலைதான்.

மிச்சம் இருந்த வழி இஞ்சினையே மாற்றுவது. சென்னை சிம்ப்சன் கம்பெனி தயாரித்த பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சின்கள் அப்போது சந்தையில் பழையதாகக் கிடைத்தன. மாமாவிடம் பணம் இல்லை. அத்தையின் பன்னிரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். எனக்கு இன்றும் நினைவிருப்பது அந்த மௌனம்தான். மேஸ்திரி இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே வைக்க ஒரு கனத்த இரும்புத் தட்டை லேத்தில் கடையச் செய்து, முன்னால் தாங்கு கட்டைகளை வெல்டு வைத்து, இருபது நாளில் டீசலைப் பொருத்தினார். வண்டி முன்னைப் போலப் பூனை மாதிரி ஓடவில்லை. கண்ணாடி எல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. வேகமும் குறைந்தது. ஆனால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் பெட்ரோலைவிட மலிவான டீசலில். தை, சித்திரை, ஆவணி என்று மூன்று வருஷக் கல்யாண முகூர்த்தங்கள் கழிந்ததும் சங்கிலி வீட்டுக்குத் திரும்பியது. அந்த வரியையும் நான்தான் எழுதினேன்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு எதிரி உப்புக்காற்று. இரண்டு பருவமழையும் சேர்ந்துகொள்ளும். கடற்கரை ஊரில் நிற்கும் வண்டிக்கும் தோவாளைப் பக்கம் நிற்கும் வண்டிக்கும் ஆயுளில் வித்தியாசம் உண்டு. குளச்சலுக்கோ கன்னியாகுமரிக்கோ சவாரி போய் வந்தால், எத்தனை மணியானாலும் கிணற்றுத் தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவாமல் மாமா சாப்பிட உட்கார மாட்டார். மழைக்கு முன்பு கழிவு இஞ்சின் ஆயிலை அடியில் அடித்து விடுவார். செவர்லே 1989 வரை ஓடியதற்கு இது பாதிக் காரணம் என்பேன்.

பழைய வண்டியைப் பாதுகாக்கப் பணம் உள்ளவர்களும் உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களில் வாங்கிய பென்ஸ் 180 காரை, 2013 டிசம்பரில் காலமாகும் வரை கைவிடவில்லை. அந்த சி.ஏ.என். 42 என்ற வண்டியைத் திருவனந்தபுரத்தில் தெரியாதவர்கள் குறைவு. அது ஆசை. மாமாவுடையது கணக்கு. ஆனால் இரண்டு பேரையும் தாங்கி நிறுத்தியது ஒன்றே: அந்தக் காலத்து வண்டியில் உள்ள எதையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், உளியும் லேத்தும் வைத்துத் திரும்பச் செய்யலாம்.

பிறகு நம் நாட்டிலேயே சொகுசுக் கார்கள் வந்தன. 1984-இல் காண்டெசா, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. பின்னது வெளியே இங்கிலாந்து ரோவர். உள்ளே பழைய வேன்கார்டு இஞ்சின். சில வருஷத்தில் கம்பெனியே நின்று போனது. 1990-களில் வந்த பியூஜோ 309, சியலோ கார்களுக்கும் அதே கதி. கம்பெனி போனதும் விலை சரிந்தது. விலை சரிந்ததும் எங்களைப் போன்றவர்கள் வாங்கினார்கள். காண்டெசா வாங்கியவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். முதலில் வந்த காண்டெசாவில் இருந்தது அம்பாசிடர் வகை இஞ்சின்தான்; பார்க்கத் தெரிந்த மேஸ்திரி எல்லா ஊரிலும் இருந்தார். மற்றவற்றை வாங்கியவர்கள் ஒரு கண்ணாடி விளக்குக்காகச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்தார்கள்.

பென்ஸ் கம்பெனி 1995-இல் புனேயில் கார் தயாரிக்கத் தொடங்கியது. அந்த முதல் மாடல்களில்கூடக் கைவேலைக்கு இடமிருந்தது. அதற்குப் பின் வந்த பெரிய கார்கள் சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. பத்து வருஷத்தில் ரப்பர் வெடித்தால், காலையில் பார்க்கும்போது வண்டி ஒரு பக்கம் யானை படுத்ததுபோல் படுத்திருக்கும். எந்தக் கொல்லாசாரியும் அதை உலையில் காய்ச்சித் தர முடியாது. கியர் பெட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒரு கம்ப்யூட்டர். அன்றைய பாகத்தைச் செய்ய முடிந்தது. இன்றைய பாகத்தை வாங்க மட்டுமே முடியும். வண்டியின் விலை பத்தில் ஒன்றாக இறங்கினாலும், உதிரிப் பாகத்தின் விலை புது வண்டிக்கு உள்ளதுதான். இதைத்தான் நான் பையன்களிடம் சொல்கிறேன்.

சட்டமும் மாறியிருக்கிறது. பதினைந்து வருஷம் முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இறக்குமதிக் கார் என்றால் 40,000. ஐம்பது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021-இல் தனி விதி வந்தது. பழம்பெருமை வண்டியாகப் பதியலாம். ஆனால் அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. அப்படிப் பதிந்த வண்டி கண்காட்சிக்குப் போகலாம், வாடகைக்குக் கல்யாணத்துக்குப் போக முடியாது.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் நகைக்கடன் எழுதியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பழைய சொகுசுக் கார் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், அதே விலையை இன்னொரு முறை செலவழிக்கத் தெம்பு இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும். வீட்டுக்காரியின் கழுத்தைப் பார்க்காமல் எண்ண வேண்டும். அடுத்து, அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் வடசேரிக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் இருக்கிறாரா என்று விசாரிக்கட்டும். இருந்தால் வாங்கலாம், நன்றாக ஓட்டலாம், சந்தோஷப்படலாம். இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவு இல்லை.

அந்தக் காலத்துப் பிளசர் முதலாளிகள் யார் யார் என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும். வண்டியை உயிரோடு வைத்திருந்த மேஸ்திரிகள், லேத்காரர்கள், ஆசாரிகள் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிளசர் இருந்திருந்தால், அவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு வண்டியின் படம் மட்டும் போதாது.