நெய்வார் இல்லாத பட்டு: டாப் ஹேட் சேகரிப்பும் செப்பனிடும் தொழிலும்

1676 முதல் தொப்பி விற்றுவரும் லாக் அண்ட் கோவின் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருக் கடையில் இன்றும் பட்டு டாப் ஹேட் கிடைக்கும். ஆனால் அது பழையதாகத்தான் இருக்கும். யாரோ ஒருவர் எப்போதோ அணிந்து, பின் செப்பனிடப்பட்டு அலமாரிக்கு வந்தது. புதிதாகச் செய்யத் துணியே கிடையாது. இந்தச் சந்தையில் பழம்பொருள் வணிகத்துக்குப் பழகிய கண்ணைக் குழப்பும் வழக்கம் ஒன்று உண்டு. ஒரே பட்டறையில் ஒரே காலத்தில் செய்த இரண்டு தொப்பிகளில் 55 சென்டிமீட்டர் சுற்றளவு உள்ளது மலிவாகப் போகும். 60 சென்டிமீட்டர் உள்ளதற்குப் பல மடங்கு விலை சொல்வார்கள். வயதைவிட அளவே விலையைத் தீர்மானிக்கிறது. செய்பொருளாக இருந்த ஒரு தொப்பி, செப்பனிடு பொருளாக மட்டும் எஞ்சிய வரலாற்றில்தான் இதற்கு விடை இருக்கிறது. அந்த வரலாற்றையே இக்கட்டுரை தொடர்கிறது.

கதை பட்டில் தொடங்கவில்லை, பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் மயிரில் தொடங்குகிறது. பீவரின் உள்மயிரில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரத்திலும் சூட்டிலும் அழுத்திப் பிசைந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீர் புகாத ஃபெல்ட்டாக இறுகும். ஐரோப்பியப் பீவர் வேட்டையில் ஏறக்குறைய அழிந்துபோக, வணிகர்கள் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். 1670இல் ஆங்கில அரசர் சாசனம் தந்த ஹட்சன் பே கம்பெனி பெருமளவு இந்தத் தோலை நம்பியே வளர்ந்தது. அங்குள்ள பழங்குடியினர் உடுத்திக் கழித்த தோலுக்கே முதலில் மதிப்பு அதிகம். உடலோடு உராய்ந்ததில் முரட்டு மேல்மயிர் உதிர்ந்து உள்மயிர் மட்டும் மிஞ்சியிருக்கும். அவ்வளவு உடுத்திய தோல் கிடைக்காதபோது பாதரச நைட்ரேட் கரைசலால் மயிரைப் பதப்படுத்தினார்கள். முயல் மயிருக்கும் இதுவே வழியாயிற்று. தொப்பித் தொழிலாளரின் கை நடுக்கமும் மனக் கலக்கமும் அந்தக் கரைசலின் விளைவு. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்துத் தொப்பி நகரமான டான்பரியின் பெயரிலேயே அந்த நடுக்கம் வழங்கியது. அங்கு பாதரசத்தைத் தொப்பித் தொழிலிலிருந்து விலக்கியது 1941 டிசம்பரில்தான்.

உயரமான, தட்டையான உச்சி கொண்ட வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பரவியது. இதற்கு ஒரு பிறப்புக் கதை சொல்வார்கள். 1797இல் ஜான் ஹெதரிங்டன் என்ற லண்டன் வணிகர் பட்டுத் தொப்பி அணிந்து தெருவில் இறங்கினாராம். பெண்கள் மயங்கி விழுந்தார்களாம், நாய்கள் குரைத்தனவாம், அவருக்கு அபராதமும் விதித்தார்களாம். அக்காலத்துச் சான்று எதுவும் இதற்கு இல்லை. நூறாண்டு கழித்துப் பத்திரிகைகளில் உலவிய கதை இது. ஆயினும் சேகரிப்பாளர் கையேடுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. முந்தைய ஆண்டிலேயே பிரெஞ்சு ஓவியர் கார்ல் வெர்னே அத்தகைய தொப்பி அணிந்த இளைஞனைத் தீட்டிவிட்டார் என்பதே இந்தக் கதையை ஒதுக்கப் போதுமானது.

கதைகளைவிட வரி நம்பகமானது. 1784 முதல் 1811 வரை பிரிட்டனில் ஆண்களின் தொப்பிக்கு வரி இருந்தது. நான்கு ஷில்லிங்குக்கு உட்பட்ட தொப்பிக்கு மூன்று பென்ஸ். பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டினால் இரண்டு ஷில்லிங். வரி கட்டியதற்கு அடையாளமாக முத்திரைத் தாளை உள்துணியில் ஒட்ட வேண்டும். அதைப் போலியாக அச்சடித்தால் மரண தண்டனை. எனவே ஒரு தொப்பியின் உள்ளே அந்தத் தாளின் கிழிசல் எஞ்சியிருந்தாலே அதன் காலம் இருபத்தேழு ஆண்டுகளுக்குள் சுருங்கிவிடும். பிற்காலத் தொப்பிகளுக்கு இவ்வளவு துல்லியம் வாய்ப்பதில்லை. உள்துணியில் பொன்னெழுத்தில் அச்சான அரசச் சின்னம், கடையின் முகவரி, கண்காட்சிப் பதக்கங்களின் படம் ஆகியவற்றைக் கொண்டுதான் கணிக்க வேண்டும். 1851 பெருங்கண்காட்சிப் பதக்கம் அச்சாகியிருந்தால் தொப்பி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பெயரை மட்டும் நம்பக் கூடாது. அது பல நேரங்களில் விற்றவர் பெயர், செய்தவர் பெயர் அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பட்டு பீவரை விரட்டிவிட்டது. 1850களில் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் பட்டுத் தொப்பி அணிந்தது அதை மரியாதைக்குரிய உடையாக்கியது. பட்டுத் தொப்பியின் உடலில் ஃபெல்ட் கிடையாது. அரக்கில் தோய்த்த மெல்லிய பருத்தித் துணியை, பல துண்டுகளாகப் பிரியும் மர அச்சின் மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து, கூடு ஒன்றைச் செய்வார்கள். பிறகு பிளஷ் எனப்படும் நீண்ட மயிர்கொண்ட பட்டை அதன் மேல் உறையாக இழுத்துப் போர்த்திச் சூடான இஸ்திரியால் தேய்ப்பார்கள். சூட்டில் அடியிலுள்ள அரக்கு இளகிப் பட்டைப் பற்றிக்கொள்ளும். பக்கவாட்டுத் துணி சாய்வாகச் சேருமிடம் மயிருக்குள் மறைந்துவிடும். தேர்ந்த கைவேலையில் அதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிளஷ் பிரான்சிலிருந்து, லியோன் வட்டாரத்திலிருந்து வந்தது. அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து, வங்க, பீகார்க் காடுகளின் மரங்களில் வாழும் பூச்சியிடமிருந்து போனது. பாண்டவர் கதையில் எரிந்த மாளிகைக்கு உதவிய அதே அரக்கு, சூட்டுக்கு இளகும் தன்மையால் இங்கே தொப்பியை நிறுத்தி வைத்தது. நூறாண்டுக்குப் பின் செப்பனிடுவதற்கும் அந்தத் தன்மையே கைகொடுக்கிறது.

வீழ்ச்சியை விரைவாகவே சொல்லிவிடலாம். முதல் உலகப் போருக்குப் பின் அன்றாடத் தெருவிலிருந்து டாப் ஹேட் மறைந்து சடங்குக்கு ஒதுங்கியது. 1945 செப்டம்பர் 2 அன்று மிசூரி போர்க்கப்பலில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட வந்த ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் ஷிகெமிட்சு மமோரு டாப் ஹேட்டோடு வந்தார். 1961இல் கென்னடியின் பதவியேற்புக்கும் அது வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கும்போது ஒழுங்குப் பிரச்சினை எழுப்பும் உறுப்பினர், உட்கார்ந்தபடி தலையில் தொப்பியோடுதான் பேச வேண்டியிருந்தது. அதற்காகவே மடக்கும் வகைத் தொப்பியை அவையில் வைத்திருந்தார்கள். 1998இல்தான் அந்த வேடிக்கை ஒழிந்தது.

அணிவோர் குறைந்ததும் பிளஷ் தறிகளும் நின்றன. கடைசித் தறிகளை உரிமையாளரே உடைத்துவிட்டதாகத் தொப்பிக்காரர்களிடையே ஒரு கதை உலவுகிறது. ஹெதரிங்டன் கதையைப் போலவே இதையும் எச்சரிக்கையாகவே கேட்க வேண்டும். விளைவு மட்டும் தெளிவு: உலகிலுள்ள பட்டு டாப் ஹேட்டுகளின் எண்ணிக்கை இனிக் குறையுமே தவிரக் கூடாது. ஆனால் தேவை முடிந்துவிடவில்லை. அஸ்காட் குதிரைப் பந்தயத்தின் அரச அரங்கில் ஆண்களுக்கு இன்றும் கறுப்பு அல்லது சாம்பல் நிற டாப் ஹேட் கட்டாயம். முயல் மயிர் ஃபெல்ட்டில் செய்த புதிய தொப்பி விதிக்குப் போதும், பளபளப்புக்குப் போதாது. ஆகவே இங்கே வாங்குபவரில் பெரும்பாலானோர் பழமை ஆர்வலர் அல்லர். தலையில் வைத்துக்கொள்ள வருபவர்கள். எஞ்சிய பழந்தொப்பிகளில் பெரும்பகுதி இன்றைய தலைகளுக்குச் சிறியது. பெரியவை கைமாறி உழைத்துத் தேய, சிறியவை பெட்டியிலேயே தங்கியதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம்.

செப்பனிடுபவர் முதலில் தொடுவது தூரிகையைத்தான். மென்மயிர்த் தூரிகையால், மயிர் சாய்ந்த திசையிலேயே, கூட்டைச் சுற்றிச் சுற்றித் தூசியை எடுப்பார். பிறகு ஈரம் ஒற்றிய வெல்வெட் திண்டு, இளஞ்சூடான இஸ்திரி. சூடு சற்று மிஞ்சினால் அடியிலிருக்கும் அரக்கு மேலே கசிந்து மயிரைக் கட்டிவிடும். அந்தக் கறை பெரும்பாலும் போகாது. சாராயம் அரக்கைக் கரைக்கும் என்பதால் கறை நீக்க அதையும் தாராளமாகக் கையாள முடியாது. வெயிலில் நின்ற காருக்குள் வைத்துவிட்டுப் போன தொப்பி தன் வடிவத்தையே இழக்கும். விரிசல் விட்ட கூட்டை உட்புறமாக, அரக்கில் நனைத்த மெல்லிய துணியால் ஒட்டுவார்கள். நெளிந்த கூட்டை ஆவியில் இளக்கி மீண்டும் மர அச்சில் ஏற்றுவார்கள். உச்சியின் ஓரத்திலும், வணக்கம் சொல்லத் தொப்பியைத் தூக்கும் விரல்கள் படும் முன்விளிம்பிலும்தான் பட்டு முதலில் வழுக்கையாகும். சிறு வழுக்கையின் அடிநூலுக்குக் கறுப்பு மை தீட்டி மறைக்கலாம். பெரிதானால் பட்டு வேண்டும். அதற்கு வேறொரு பட்டுத் தொப்பியை அறுக்க வேண்டும்.

அருங்காட்சியகங்கள் இந்த வழியில் போவதில்லை. 1865 ஏப்ரல் 14 அன்று ஃபோர்டு அரங்கில் சுடப்பட்டபோது லிங்கன் கொண்டுவந்திருந்த பட்டுத் தொப்பி ஸ்மித்சோனியனில் இருக்கிறது. வாஷிங்டன் தொப்பிக்காரர் ஜே. ஒய். டேவிஸின் கடையில் வாங்கியது. மறைந்த மகன் வில்லியின் நினைவாக லிங்கன் அதில் கறுப்புத் துக்கப் பட்டை கட்டச் செய்திருந்தார். சாதாரணச் செப்பனிடலில் நைந்த நாடாவை மாற்றுவதுதான் முதல் வேலைகளில் ஒன்று. அப்படி மாற்றியிருந்தால் இந்தத் தொப்பி சொல்லும் செய்தியில் பாதி போயிருக்கும். பழைய ஃபெல்ட் தொப்பிகளைப் பொறுத்தவரை அருங்காட்சியகத்தாரின் எச்சரிக்கைக்கு வேறு காரணமும் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தார் தம் சேகரிப்புத் தொப்பிகளில் பாதரசம் இன்னும் எஞ்சியிருப்பதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பீவர், முயல் மயிர்த் தொப்பிகளைக் கையுறையின்றித் தொடுவது சரியல்ல. அரக்குத் துணிக் கூடு கொண்ட பட்டுத் தொப்பியில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

அறுக்கப்படும் தொப்பிகள் எவை என்பதில்தான் எனக்குக் கவலை. விலை போகாத சிறிய அளவுகளே முதலில் கத்திக்குப் போகின்றன. அவற்றில் பழமையானவையும், பதக்க அச்சும் ஊர்ப்பெயரும் கொண்ட உள்துணி உள்ளவையும் இருக்கின்றன. அணிவோரின் சந்தை இதைப் பொருட்படுத்தாது. பொருட்படுத்தும்படி கேட்பதும் நியாயமல்ல, ஏனெனில் அந்தச் சந்தை தரும் கூலியில்தான் செப்பனிடும் கை இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பட்டை உரிக்கும் முன் உள்துணியையும் வியர்வைத் தோல்பட்டையின் பின்புறத்தையும் படமெடுத்து, சுற்றளவையும் கூட்டின் உயரத்தையும் குறித்துவைக்கப் பத்து நிமிடம் போதும். வரி முத்திரைத் தாள் ஒட்டியிருந்தால் அந்தத் தொப்பியை அறுக்காமல் ஏதேனும் ஒரு தொப்பி அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட்டிலும், பிரான்சில் லியோனை அடுத்த ஷாசெல்லிலும் அத்தகைய அருங்காட்சியகங்கள் உண்டு.