தள்ளினால் உயிர்பெற்ற தானியங்கி வண்டிகள்

மோட்டார் வண்டி வழியில் நின்றுவிட்டால் நான்கு பேர் கூடித் தள்ளுவது நம் நாட்டில் எவரும் அறிந்த காட்சி. எத்தனை பேர் தள்ளினும் கிளம்பாத வண்டியும் உண்டு. தானே கியர் மாற்றிக்கொள்ளும் இக்கால வண்டியே அது. அதன் முன்னோர்களோ ஒரு காலத்தில் தள்ளினால் கிளம்பின. அவ்வாற்றல் எவ்வாறு வந்தது, ஏன் போயிற்று என்பதை இங்கே ஆராய்வோம். அந்தமான் தீவுகளில் நின்று நோக்குவோர்க்கு இது வெறும் இயந்திரக் கதையாகத் தோன்றாது.

தொடக்க நாளில் வண்டியின் முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே என்ஜினைக் கிளப்பினர். சில வேளை கைப்பிடி எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்ற பின் அவ்வச்சம் நீங்கத் தொடங்கிற்று. ஆனால் ஸ்டார்ட்டருக்கு உயிர் பாட்டரி. பாட்டரி வலுவிழந்தால் கையால் கியர் மாற்றும் வண்டிக்கு வேறு வழி உண்டு. கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தவாறு தள்ளச் சொல்லி, வண்டி உருளத் தொடங்கியதும் காலை எடுத்தால், சக்கரத்தின் சுழற்சி நேரே என்ஜினைச் சென்றடையும். ஆட்கள் ஓடித் தள்ளும் வேகமே அதற்குப் போதும்.

1939ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், அடுத்த ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளுக்கென ஹைட்ராமாட்டிக் என்னும் கியர்ப்பெட்டியை வெளியிட்டது. இதில் கிளட்ச் மிதி இல்லை. இத்தகைய வண்டியைத் தானியங்கி என்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லில் சிறு மனக்குறை உண்டு. தானே நிகழ்வது கியர் மாற்றம் ஒன்றுதான். வண்டி தானே கிளம்புவதில்லை.

அப்பெட்டியினுள் கியர்களை இறுகப் பற்றி நிறுத்துவது எண்ணெயின் அழுத்தம். அவ்வழுத்தத்தைத் தருவது என்ஜினால் சுழலும் பம்பு. என்ஜின் நின்றால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல், சக்கரம் எத்துணை சுழன்றாலும் என்ஜின் அசையாது. என்ஜின் ஓடினால்தான் பம்பு ஓடும், பம்பு ஓடினால்தான் என்ஜினைக் கிளப்பலாம் என்னும் சிக்கல் இது. திருமணமானால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் திருமணமாகும் என்னும் நம் பழமொழியே நினைவுக்கு வருகிறது.

அன்றைய பொறியாளர் இம்முடிச்சை அவிழ்த்த முறை அழகியது. கியர்ப்பெட்டியின் பின்புறத்தில், சக்கரங்களுக்குச் செல்லும் தண்டினால் சுழலும் இரண்டாவது பம்பு ஒன்றை அமைத்தனர். ஓடும்போது முன்பம்புக்குத் துணை செய்வதோடு, என்ஜின் அணைந்த வண்டி உருளும்போது தானே அழுத்தத்தை உண்டாக்கித் தருவதும் அதன் பணி. ஓட்டுநர் கியர்க் கோலை நடுநிலையில் வைத்துச் சாவியைத் திருப்பி, வண்டி மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் அளவில் உருண்டதும் கோலை ஓட்டநிலைக்கு மாற்றுவார். என்ஜின் எழும். இவ்வேகம் மனிதர் தள்ளி எட்டக்கூடியதன்று. நல்ல இறக்கம் வேண்டும். அன்றேல் வேறொரு வண்டி பம்பரோடு பம்பர் பொருத்திப் பின்னிருந்து தள்ள வேண்டும். கயிறு கட்டி இழுப்பது ஆபத்து. திடீரென உயிர்பெற்ற வண்டி, இழுத்துச் செல்லும் வண்டியின் மேல் பாய்ந்துவிடும்.

1960களின் நடுப்பகுதியில் பின்பம்பு அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றால் கைவிடப்பட்டது. கிரைஸ்லர் நிறுவனம் 1966ஆம் ஆண்டின் வண்டிகளில் அதை நீக்கிற்று. செலவு குறையும், சுழற்ற வேண்டிய சுமையும் குறையும். 6 வோல்ட் பாட்டரி போய் 12 வோல்ட் வந்துவிட்டதால் ஸ்டார்ட்டர் முன்போல் ஏமாற்றுவதில்லை. டைனமோவின் இடத்துக்கு வந்த ஆல்டர்னேட்டரோ, பாட்டரியில் சிறிதேனும் மின்சாரம் இல்லாவிடில் வேலை தொடங்காது; ஆகவே பாட்டரி முற்றும் செத்த வண்டியைத் தள்ளியும் பயனில்லாமற் போயிற்று. பின்பம்போடு மற்றொன்றும் போனதைப் பலர் கவனிக்கவில்லை. என்ஜின் அணைந்த வண்டியை இழுத்துச் செல்கையில் கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் ஊட்டியதும் அதுவே. அது இல்லாத வண்டியை, இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்தால் பெட்டி தேய்ந்து கெடும்.

அமெரிக்க நகரங்களுக்கு இக்கணக்குச் சரியே. கூப்பிட்டால் உதவிக்கு ஆள் வரும். அந்தமானின் கணக்கு வேறு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து, கப்பலில் மூன்று நாள் அளவு பயணம் செய்து சரக்கு வந்து சேர வேண்டும். உப்புக் காற்றில் பாட்டரி முனைகள் விரைவில் அரிக்கும். நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரும் பியட்டும் ஜீப்பும் கையால் கியர் மாற்றுபவை. மேட்டில் நிறுத்தி உருட்டினாலே அவை கிளம்பிவிடும். தானியங்கி நம்மிடையே பரவியது, பின்பம்பு மறைந்து பல்லாண்டு சென்ற பிறகே. அந்தச் சலுகையைப் பெறாமலே அதன் இழப்பை மட்டும் பெற்றோம்.

அந்தமான் நெடுஞ்சாலையில் இவ்வேறுபாடு உறைக்கும். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து வடக்கே செல்லும் அச்சாலை, ஜிர்க்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஜாரவா மக்களின் காப்புக்காட்டை ஊடுருவுகிறது. குறித்த வேளைகளில் காவலர் துணையுடன் வரிசையாகவே வண்டிகள் செல்லலாம். முந்தவோ இடையில் நிற்கவோ கூடாது. 1990களின் பிற்பகுதி வரை வெளியாரை அணுகவிடாது வாழ்ந்த மக்கள் அவர்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. காப்புக்காட்டினூடே செல்லும் சாலையை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. இங்கே ஓர் என்ஜின் அணைவது ஓட்டுநரின் சொந்தத் தொல்லை மட்டும் அன்று. பின்னால் வரும் வரிசை முழுவதும், நிற்கக்கூடாத இடத்தில் நிற்க நேரும். அங்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம் 40 கிலோமீட்டர். பழைய பின்பம்பு விழித்தெழும் வேகமும் அதுவே என்பது தற்செயல்தான்.

2014இல் மாருதி செலெரியோ வழியே பரவத் தொடங்கிய மலிவுவகைத் தானியங்கியில், பழைய கிளட்சும் கியரும் உள்ளேயே இருக்கின்றன. எனினும் அவற்றை இயக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். தள்ளுவோர்க்கு அதனாலும் பயன் இல்லை. பிற பாட்டரியிலிருந்து கம்பியிட்டு மின்சாரம் வாங்குவதே வழி. 1984இல் வந்த கைனடிக் ஹோண்டா முதலிய கியரில்லா ஸ்கூட்டர்களும் தள்ளினால் கிளம்பமாட்டா. ஆனால் அவற்றைச் செய்தவர்கள் பக்கத்தில் உதைகோல் ஒன்றை விட்டுவைத்தனர்.