மின்சாரக் காரின் பின்னால் சைக்கிள்: கொழுக்கியும் தாங்கியும் பூட்டுமுன் அறியவேண்டியவை

வட்டக்கச்சியில் சைக்கிள் இல்லாத வளவைக் காண்பது அரிது. மின்சாரக் கார் நிற்கும் வளவுகள் இப்போதுதான் ஒன்றிரண்டாகத் தெரியத் தொடங்கியிருக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கும் பிள்ளைக்குச் சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுப்பது எப்படி? கால் இழந்த தகப்பனின் கைச்சைக்கிளையோ சக்கர நாற்காலியையோ கிளினிக்குக்குக் கொண்டுபோவது எப்படி? காரின் டிக்கிக்குள் முழுச் சைக்கிள் அடங்காது. கூரையில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். மிஞ்சுவது காரின் பின்புறம்.

இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டதால், வட்டக்கச்சியில் உழவு மிசின் பெட்டி செய்யும் வெல்டிங் பட்டறை ஒன்றில் பாவித்த நிசான் லீஃப் ஒன்றை உயர்த்தி, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கு பார்த்ததையும், இந்தப் பொருட்களைத் தயாரிப்பவர்கள் கடைப்பிடிக்கும் அளவுகளையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஏன் இது எங்களுக்குச் சின்ன விடயமல்ல

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் வடக்கைச் சுமந்தது சைக்கிள்தான். விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாம் அதன் கரியரில் போயின. 2009இன் தொடக்கத்தில் இங்கிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்தவர்கள் வீட்டையே சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். பலருடைய சைக்கிள் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது. மீள்குடியேற்றத்தின்போது நிவாரணப் பட்டியலில் சைக்கிளுக்கும் இடம் இருந்தது. இந்தியா மட்டும் 10,000 சைக்கிள்களை வழங்கியது. 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோது, கியூஆர் அட்டைக்குக் கிடைத்த வாராந்தப் பெற்றோல் போதாமல் பலர் மறுபடி சைக்கிளுக்குத் திரும்பினார்கள். மின்சாரக் காரைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவர்களும் உண்டு.

இலங்கையில் ஓடும் மின்சாரக் கார்களில் அதிகம் கண்ணில் படுவது, 2015ஐ அண்டிய ஆண்டுகளில் வரி குறைந்திருந்தபோது ஜப்பானிலிருந்து வந்த பாவித்த நிசான் லீஃப். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்ட பின்னர் புதிய சீன மின்கார்களும் வீதிக்கு வந்துவிட்டன. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பழைய லீஃப் என்பதால், அதையே உதாரணமாக எடுக்கிறேன்.

கொழுக்கி என்றால் எது

காரின் பின் பம்பருக்குக் கீழே, இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் குறுக்கே ஓர் இரும்புக் குறுக்குச்சட்டம் பூட்டப்படும். அதன் நடுவில் பின்நோக்கிய சதுரக் குழாய் ஒன்று இருக்கும். இதுதான் ரிசீவர். சைக்கிள் தாங்கியின் சதுரத் தண்டை இந்தக் குழாய்க்குள் செலுத்தி, குறுக்கே ஒரு பின் போட்டுப் பூட்டுவார்கள். தேவையில்லாத நாளில் பின்னைக் கழற்றினால் தாங்கி கையோடு வந்துவிடும்.

குழாயின் உள்ளளவு இரண்டு வகை. சிறிய கார்களுக்கு 1¼ அங்குலம், பெரிய வாகனங்களுக்கு 2 அங்குலம். வட அமெரிக்கத் தரப்படி முதலாம் வகுப்புக் கொழுக்கியில் நேர் கீழாக அழுத்தக்கூடிய பாரம் 200 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 90 கிலோ. சைக்கிள் தாங்கிக்கு முக்கியமானது இந்த எண்தான். பெட்டி இழுக்கும் பாரம் வேறு கணக்கு.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் தாங்கியை வாங்கி அனுப்பச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனடாவில் புழங்குவது மேலே சொன்ன சதுரக் குழாய். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் 50 மில்லிமீற்றர் உருண்டைத் தலை கொண்ட கொழுக்கி; அங்குள்ள தாங்கி அந்த உருண்டையைக் கவ்விப் பிடிக்கும். லண்டன் மாமா அனுப்பும் தாங்கி ரொறன்ரோ அண்ணா அனுப்பும் கொழுக்கியில் ஏறாது. இரண்டையும் ஒரே நாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும்.

இழுவைக்கு அனுமதி இல்லாத கார்

லீஃபின் முதல் தலைமுறை பெட்டி இழுப்பதற்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. ஒரே காருக்கு நாட்டுக்கு நாடு விதி மாறுவதும் உண்டு. டெஸ்லா மொடல் 3க்கு ஐரோப்பாவில் நிறுவனமே 2019இல் இழுவைக் கொழுக்கி வழங்கியது. அதே கார் அமெரிக்காவில் அது இல்லாமலே விற்கப்பட்டது. ஆகவே "வெளிநாட்டில் பூட்டுகிறார்கள்தானே" என்பது போதிய காரணம் அல்ல. உங்கள் காரின் கைநூல் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள்.

இழுவைக்கு அனுமதி இல்லாத கார்களுக்கு, சைக்கிள் தாங்கிக்கு மட்டும் என்று சொல்லித் தயாரிக்கப்படும் கொழுக்கிகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. லீஃபுக்குத் தேட வேண்டியது அப்படிப்பட்ட ஒன்றைத்தான். அதைப் பூட்டிய பிறகு, "கொழுக்கி இருக்குத்தானே, ஒரு சின்னப் பெட்டியில் நாலு மூட்டை நெல்லை ஏற்றுவம்" என்று இறங்கக் கூடாது. பிரேக், சஸ்பென்சன், பின்சட்டம் எதுவும் அந்தக் கணக்கில் செய்யப்பட்டதல்ல.

பாரக் கணக்கு

பட்டறைத் தராசில் ஒரு பழைய லுமாலா ஆண்கள் சைக்கிளை வைத்துப் பார்த்தோம். கரியர், ஸ்ராண்ட், மட்காட் எல்லாம் சேர்த்து 19 கிலோ. இரண்டு சைக்கிள் 38 கிலோ, தாங்கி ஏறக்குறைய 20 கிலோ. கூட்டினால் 60 கிலோவுக்குக் கிட்ட வரும். 90க்குள் அடங்குகிறது என்று நிம்மதி வரலாம். ஆனால் அந்த 60 கிலோ இருக்கும் இடம் பின்சில்லுக்கும் பின்னால்.

லீஃபின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 2.7 மீற்றர். சைக்கிள்களின் பாரம் பின்சில்லிலிருந்து 1.2 மீற்றர் பின்னால் விழுகிறது என்று வைத்தால், துலாவைப் போல முன்பக்கம் மேலெழும். முன்சில்லிலிருந்து 27 கிலோ குறையும். பின்சில்லில் 87 கிலோ கூடும். லீஃபை இழுப்பதும் திருப்புவதும் முன்சில்லு. பின்னிருக்கையில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை, பின்னால் இரண்டு சைக்கிள் என்று ஏற்றினால் மழைநாளில் ஸ்ரேறிங் இலேசாவது கைக்குத் தெரியும். சைக்கிள் ஏற்றும் நாளில் டிக்கியை வெறுமையாக வைத்திருப்பது நல்லது.

குன்றும் குழியுமான கிரவல் வீதியில் ஒவ்வொரு துள்ளலிலும் அந்தப் பாரம் பல மடங்காகக் கொழுக்கியைப் பிடித்து இழுக்கும். ரிசீவருக்கும் தாங்கிக்கும் இடையில் நீட்டுக்குழாய் போட்டால் தாங்கும் அளவு பாதியாகும் என்பதே பொதுவான விதி. நீட்டுக்குழாய் வேண்டாம்.

தாங்கியில் இரண்டு வகை உண்டு. சைக்கிளின் மேல்தண்டைத் தூக்கித் தொங்கவிடுவது ஒன்று. சில்லுகளைத் தட்டில் நிறுத்திப் பிடிப்பது மற்றது. எங்கள் பாரமான சைக்கிளுக்கும், மேல்தண்டு வளைந்த பெண்கள் சைக்கிளுக்கும் தட்டு வகையே பொருந்தும். ஒரு தட்டில் 27 கிலோ வரை என்று எழுதியிருப்பதைப் பரவலாகக் காணலாம். வாங்குமுன் அந்த எண்ணைப் பாருங்கள்.

சக்கர நாற்காலி, கைச்சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போய்வரும் குடும்பங்கள் வன்னியில் நிறைய. அவர்களுக்கு இந்தக் கொழுக்கி சைக்கிளைவிடப் பெரிய உதவி. சாதாரண மடிப்பு நாற்காலி டிக்கிக்குள் போகும், கொழுக்கி தேவையில்லை. மூன்று சில்லுக் கைச்சைக்கிள் போகாது. அதற்குச் சைக்கிள் தாங்கியும் சரிவராது. அகலமான தட்டுத் தாங்கி வேண்டும். தட்டின் நிறையையும் கைச்சைக்கிளின் நிறையையும் கூட்டி, கொழுக்கியில் பொறித்த எண்ணுக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மோட்டார் பூட்டிய மின்சார நாற்காலியில் தனியே 90 கிலோவைத் தாண்டுபவை பல. அதை லீஃபின் பின்னால் ஏற்றக் கூடாது. அதற்கு வான் தேவை. கைச்சைக்கிளோ நாற்காலியோ வீதியில் விழுந்து உடைந்தால், அடுத்தது கிடைக்கும்வரை அந்த மனிதர் வீட்டுக்குள்தான்.

பூட்டும்போது

பட்டறைக்காரர் காருக்கடியில் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, மிசின் பெட்டிக்கு அடிக்கிற மாதிரி இதுக்கு ஒட்டு அடிக்கேலாது. நட்டு போல்ட் வேலை மட்டும் சொல்லுங்கோ, செய்யலாம்." அவர் சொன்னது சரி. காரணங்கள் இவை.

லீஃபின் பற்றரி முன், பின் சில்லுகளுக்கு இடையே தரைக்கடியில் இருக்கிறது. அதன் அழுத்தம் ஏறக்குறைய 360 வோல்ட். செம்மஞ்சள் நிற உறையிட்ட வயர் எங்கே தெரிந்தாலும் அது உயர் அழுத்த வயர், தொடக் கூடாது. ஜக்கைப் பற்றரிப் பெட்டியின் அடியில் வைக்கக் கூடாது. காரின் ஓரத்தில் குறித்திருக்கும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கவும் கூடாது, தாங்குகால்கள் வேண்டும்.

கொழுக்கி பூட்டும் இடம் பின்சில்லுக்கும் பின்னால் என்பதால், பற்றரிக்குக் கிட்டப் போகத் தேவையில்லை. பின் பம்பரின் பிளாஸ்ரிக்கைக் கழற்றினால் உள்ளே மோதல் தாங்கும் சட்டம் தெரியும். அது பக்கச் சட்டங்களில் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் காருக்கென்று தயாரித்த கொழுக்கி, அங்கே ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே உட்காரும். புதிதாகத் துளை போடச் சொல்லும், அல்லது ஒட்டச் சொல்லும் கொழுக்கி உங்கள் காருக்குரியதல்ல. வெல்டிங் சூடு உயர்வலுச் சட்டத்தின் பலத்தைக் குறைக்கும். வெல்டிங் மின்னோட்டம் காரின் மின்னணுப் பெட்டிகளைப் பழுதாக்கலாம்.

போல்ட்டின் தலையில் 8.8 அல்லது அதைவிடக் கூடிய எண் பொறித்திருக்க வேண்டும். கொழுக்கியோடு வரும் தாளில் இறுக்க அளவு இருக்கும். அதை அளக்கும் டோர்க் ஸ்பனர் இல்லாத இடத்தில் பூட்ட வேண்டாம். முதல் 50 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பார்த்து இறுக்குங்கள். வயல் சேறும் ஆனையிறவு உப்புக் காற்றும் படும் இரும்பு என்பதால், கீறிய இடத்துக்கெல்லாம் துருத்தடைப் பூச்சு அடியுங்கள்.

விளக்கும் இலக்கத்தகடும்

தாங்கியில் சைக்கிள் ஏறினால் பின்விளக்கு, சிக்னல், இலக்கத்தகடு மூன்றும் மறையலாம். இரவில் ஏ9 வீதியில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு உங்கள் பிரேக் விளக்கு தெரியாவிட்டால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. விளக்குப்பலகை உள்ள தாங்கியை வாங்குங்கள், அல்லது தனியே ஒரு பலகை செய்து பூட்டுங்கள்.

மின்சாரக் காரிலும் விளக்குகளுக்குத் தனியே ஒரு 12 வோல்ட் பற்றரி உண்டு. புதுப் பலகைக்கு மின்சாரம் எடுக்க வேண்டியது அதிலிருந்து மட்டுமே, பியூஸ் போட்டு. காரின் விளக்கு வயரை வெட்டி நேரே முடியாமல், அந்த வயரிலிருந்து சமிக்ஞையை மட்டும் எடுக்கும் இடைப்பெட்டியைப் பாவிக்க வேண்டும். வட அமெரிக்கத் தாங்கியின் விளக்கு இணைப்புக்கு 4 முனை. ஐரோப்பியதற்கு 7 அல்லது 13 முனை.

பூட்டுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு வாய்ச்சொல் நிற்காது.

ஓட்டம்

காரின் நிழலில் நிற்பதால், கூரையில் ஏற்றிய சைக்கிளைவிடப் பின்னால் பூட்டிய சைக்கிள் காற்றைக் குறைவாகவே தடுக்கும். ஆனாலும் பற்றரி கூடச் செலவாகும். எவ்வளவு என்பது உங்கள் பற்றரியின் வயதைப் பொறுத்தது. ஒரே பாதையை ஒரே வேகத்தில், சைக்கிளோடு ஒருநாளும் சைக்கிள் இல்லாமல் ஒருநாளும் ஓடி, எத்தனை வீதம் குறைந்தது என்று எழுதி வையுங்கள். யாழ்ப்பாணம் போகுமுன் அந்த எண் கையில் இருக்க வேண்டும்.

ஆனையிறவில் இருபக்கமும் வெளி. குறுக்குக் காற்று அடிக்கும்போது சைக்கிள்கள் பாய்போல விரியும். அங்கே வேகத்தைக் குறையுங்கள். லீஃபின் மின்னேற்றும் வாய் முன்மூக்கில் இருப்பதால், தாங்கி பூட்டியபடியே மின்னேற்றலாம். பின்பக்கத்தில் வாய் உள்ள கார் என்றால் அதையும் பார்த்துத் தாங்கியைத் தெரிவு செய்யுங்கள்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை நான்கு: பின் பூட்டியிருக்கிறதா, பட்டிகள் இறுகியிருக்கின்றனவா, விளக்குகள் மூன்றும் எரிகின்றனவா, சைக்கிளைப் பிடித்து ஆட்டினால் கார் முழுதும் சேர்ந்து ஆடுகிறதா. சைக்கிள் மட்டும் ஆடினால் பட்டியையும், தாங்கி ஆடினால் பின்னையும் சரிபார்த்த பிறகே வீதிக்கு ஏறுங்கள்.