கொல்லையில் கட்டின கப்பல்

நம்ம கட்டுமரம்தான் இங்கிலீஷ்ல 'கேட்டமரான்' ஆச்சு. அதை வச்சு 1940களில் 'ட்ரைமரான்'னு பேர் வச்சவர், உக்ரைன்ல இருந்து அமெரிக்கா போன விக்டர் செட்செட். நடுவுல ஒரு படகு, ரெண்டு பக்கமும் மிதவை.

அதை சாமானியன் கைக்கு கொண்டு வந்தவர் கலிபோர்னியாக்காரர் ஆர்தர் பைவர். ஒத்தை உடல் இருக்கற பெரிய பாய்மரப் படகுக்கு, கவிழாம இருக்க பெரும்பாலும் அடியில கனமா ஈயமோ இரும்போ வேணும். இதுக்கு அகலமே போதும். அதனால ப்ளைவுட், ஃபைபர்கிளாஸ் வச்சு வீட்டுக் கொல்லையிலேயே கட்டலாம். 1960ல் தான் வடிவமைச்ச 30 அடி 'நிம்பிள்'ல அட்லாண்டிக்கையே தாண்டினார். அவரோட வரைபடத்தை வாங்கி நிறைய பேர் கட்ட ஆரம்பிச்சாங்க.

ஒரு சிக்கல் இருக்குங்க. கவிழாம காப்பாத்தற அதே அகலம், கவிழ்ந்துட்டா நிமிர விடாது. 1968ல் ஒரு ட்ரைமரான்ல தனியா போன பைவர் திரும்பி வரவேயில்லை. என்ன ஆச்சுன்னு இன்னிக்கும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் கொல்லையில ட்ரைமரான் கட்டறது நிக்கலை.